இளையோர் கையில் இணையம்: உரிமையும் காப்பும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலை மாவட்டத்தார் எளிதில் மறக்கவியலாத நாள் 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். சென்னையிலிருந்து உறவினரோடு மகிழுந்தில் புறப்பட்ட முதியவள் ஒருத்தி, குலதெய்வத்தை வழிபடும் பொருட்டுப் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் வந்தாள். வழியில் கண்ட சிறுவர்க்கு இனிப்பு வழங்கப்பட்டது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வடநாட்டிலிருந்து வந்திருப்பதாகச் சில வாரங்களாகவே வாட்ஸ்அப்பில் செய்தி உலவிக்கொண்டிருந்த காலம் அது. இனிப்புக் கொடுத்த கை ஐயத்திற்கு உள்ளாயிற்று. வண்டி மறிக்கப்பட்டது, கூட்டம் சூழ்ந்து அடித்தது. முதியவள் உயிர் நீத்தாள். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். வந்தவர்கள் பிள்ளை பிடிப்பவர்கள் அல்லர் என்பதைக் கேட்டறியும் பொறுமை அங்கிருந்தோர்க்கு இல்லாமற் போயிற்று.

அத்திமூரிலிருந்து திருமலை தொலைவில் இல்லை. நேமிநாதர் நெடிதுயர்ந்து நிற்கும் மலை அது. குந்தவை பெயரால் ஜினாலயம் எழுந்த ஊர் அது. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓதி வந்த மலையின் நிழலில், யாரோ எவரோ அனுப்பிய ஒரு பொய்ச்செய்தி ஓர் உயிரைக் குடித்தது. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் மகாராட்டிரத்துத் தூலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐவர் கொல்லப்பட்டனர். சூலை 17ஆம் நாள், கும்பல் கொலைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தளித்தது. ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு கட்டியதும் அம்மாதத்திலேதான்.

இந்நிகழ்ச்சியைச் சொன்னவுடன் பெற்றோர் பலர்க்கும் தோன்றும் முதல் எண்ணம், ‘கைப்பேசியைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்’ என்பதே. அவ்வெண்ணத்தை ஆராய்வதற்கே இவ்வுரை. அத்திமூரில் வதந்தியை நம்பியவர்கள் இளையோர் மட்டும் அல்லர். அச்செய்திகளைக் குடும்பக் குழுக்களிலும் ஊர்க் குழுக்களிலும் பரப்பியவர்களுள் நரை கண்டவர்களும் இருந்திருப்பர். காலை எழுந்தவுடன் வந்ததையெல்லாம் ஆராயாது முன்னனுப்பும் வழக்கம் எவ்வயதினரிடம் மிகுதி என்பதை இவ்வவையிலுள்ள பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

ஒருபுறம் இவ்வாறிருக்க, இணையவழித் தொடர்பு இளையோர்க்கு ஈட்டித் தந்த உரிமைகள் சிறியன அல்ல. 2012ஆம் ஆண்டு நவம்பரில் மும்பையின் பெருந்தலைவர் ஒருவர் மறைந்தார். நகரமே கடையடைத்தது. அடைப்பு எதற்கு என்று பால்கர் என்னும் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி முகநூலில் கேள்வி எழுப்பினாள். அவள் தோழி அதற்கு விருப்பக்குறி இட்டாள். இருவரும் இருபது வயதை ஒட்டியவர்கள். இருவரும் கைது செய்யப்பட்டனர். எழுதியவளாவது எழுதினாள், விரல் நுனியால் ஒரு குறியைத் தொட்டவளும் குற்றவாளி ஆனாள் என்பதுதான் நாட்டைத் திடுக்கிடச் செய்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ என்னும் பிரிவு அதற்கு இடந்தந்தது. பிறர்க்கு எரிச்சலோ இடையூறோ விளைக்கும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்பது அப்பிரிவின் சாரம். எரிச்சல் என்பதற்கு எல்லை யாது? வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுக்கே எல்லை கட்ட இயலாதபோது நாட்டிலுள்ள அனைவர் எரிச்சலுக்கும் எவ்வாறு எல்லை வகுப்பது? இவ்வினாவை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தவரும் ஓர் இளம்பெண்ணே. சிரேயா சிங்கல் என்னும் அவர் அப்போது இருபத்தோரு வயதினர். 2015ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் நீதியரசர்கள் செலமேசுவரும் நரிமனும் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். ஒரு கருத்தை எடுத்துரைத்து விவாதிப்பது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. முன்னதற்குத் தடையில்லை, பின்னதற்கு உண்டு. அத்தீர்ப்புக்குப் பின்னும் காவல் நிலையங்கள் சிலவற்றில் அப்பிரிவின்கீழ் வழக்குகள் பதிவாகிவந்தன. அதன்கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

தமிழகத்தில் இணையம் இளையோரைத் திரட்டிய வரலாற்றுக்குச் சென்னைக் கடற்கரையைச் சொல்லாதவர் இலர். 2017 சனவரி 17ஆம் நாள் தொடங்கி ஒரு கிழமை, தலைவர் என ஒருவரும் இன்றி, முகநூலும் வாட்ஸ்அப்பும் விடுத்த அழைப்பால் மாணவர் கூட்டம் மெரினாவில் அமர்ந்தது. இரவில் கைப்பேசி விளக்குகளை ஏந்தியிருந்த காட்சியை உலகெங்கும் தமிழர் கண்டனர். ஏறுதழுவலைப் பற்றிச் சமணர் உள்ளத்தில் எழும் வினா வேறு. ஓர் உயிர் அஞ்சி ஓடுவதை விளையாட்டாகக் கொள்ளலாமா என்பதில் இவ்வவையோர்க்குத் தெளிவான விடை இருக்கலாம். அவ்விடையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது கருத்தன்று. அமைதியாகக் கூடும் உரிமையும் பேசும் உரிமையும் ஒருவர் கேட்பது பிறர்க்கு உவப்பானதா என்பதைப் பொறுத்தவை அல்ல. ஏழாம் நாள் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தபோது அக்கடற்கரையிலும் நகரத்திலும் நிகழ்ந்தவை அவ்வுரிமையின் மறுபக்கத்தைக் காட்டின.

கருத்துரிமை பெரிது. ஆயினும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு நாள்தோறும் வேண்டப்படுவது கல்வியுரிமை. கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கைப்பேசி தொடலாகாது என்று விதி இருந்தது. பின்னர் அது மாலை ஆறு முதல் இரவு பத்து வரை என மாற்றப்பட்டது. படிக்கும் வேளை முழுவதும் கைப்பேசி இல்லை என்று பொருள். இளங்கலை மாணவியர் மடிக்கணினி வைத்துக்கொள்ளவும் இசைவு இல்லை. பாகீமா சிரின் என்னும் மாணவி இதனை ஏற்க மறுத்தார். பாடத்திற்கு வேண்டியவற்றை இணையத்திலிருந்து பெறுவதாகவும், மகளிர் விடுதிக்கு மட்டும் இக்கட்டுப்பாடு விதிப்பது பாகுபாடு எனவும் வாதிட்டார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தந்தையார் மகளின் பக்கம் நின்றார் என்பது இங்குக் கருதத்தக்கது.

2019 செப்டம்பர் 19ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் பி.வி.ஆஷா அம்மையார் தீர்ப்பளித்தார். இணையத்தைப் பெறும் உரிமை கல்வியுரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதி. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்குவது என்றார். மாணவியை விடுதியில் மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். ஒழுங்கு வேண்டும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. உடனுறைவோர்க்கு இடையூறு செய்யலாகாது என மாணவிக்கும் கட்டளையிட்டது. ஆயினும் ஒழுங்கின் பெயரால் அறிவின் வாயிலை அடைத்தல் ஆகாது என்பது தீர்ப்பின் உட்கிடை.

தீர்ப்பு வந்து ஆறு மாதம் கழிவதற்குள் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கதவுகள் மூடின. அதுவரை கைப்பேசியை எடுக்காதே என்று கண்டித்த ஆசிரியர்களே கைப்பேசியை எடுத்து வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சென்றது. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு, ஏறத்தாழ 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. ஆயினும் ஒரு கைப்பேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் யார் முதலில் படிப்பது? ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் அலைவரிசையே எட்டாத இடங்களில் என் செய்வது? அவ்விடர்ப்பாட்டில் இழந்த கற்றலை மீட்கவே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. இணையம் இல்லாமை கல்வி இல்லாமையாக மாறியதை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் உடம்பால் அறிந்துள்ளனர்.

இக்குடும்பங்களுக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. 2014 சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதன்வழி வந்த கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் இணையவழியே. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வு, தேர்வாணைய அறிவிக்கை, வேலைக்கான அழைப்பு எல்லாம் அவ்வழியே வருகின்றன. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பயிர்த்தொழில் செய்யும் வீட்டில் அக்கடவுச்சொல்லும் ஒருமுறைக் கடவெண்ணும் யார் கையில் இருக்கின்றன? பெரும்பாலும் மகன் கையில். அல்லது தந்தையின் கைப்பேசியில். மகளுக்குரிய செய்தி மகளுக்குத் தெரியும் முன்பே கெடுநாள் கடந்துவிடுவதும் உண்டு. உரிமை பறிபோவது எப்போதும் ஆரவாரத்தோடு நிகழ்வதில்லை.

பெண்பிள்ளை கையில் கைப்பேசி தருவதற்குத் தயங்கும் தாயின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் கூடாது. அந்த அச்சத்திற்குப் பொள்ளாச்சி என்று பெயர். முகநூல் முதலிய வழிகளில் நட்புக் கொண்டு, இளம்பெண்களை வரவழைத்துக் கொடுமை செய்து, அதனைப் படம் பிடித்து மிரட்டிய கூட்டத்தின் செயல் 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த முறையீட்டால் வெளிப்பட்டது. அதற்கு முன் எத்துணைப் பெண்கள் வாய் திறவாதிருந்தனர்! ஏன் திறக்கவில்லை என்னும் வினாவை ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம். மிரட்டுபவனுக்கு அஞ்சியதைக் காட்டிலும், ‘படிப்பை நிறுத்திவிடுவார்கள், கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள், ஊர் சிரிக்கும்’ என்று வீட்டுக்கு அஞ்சிய பெண்களே மிகுதியாக இருத்தல் கூடும். மிரட்டுபவனின் வலிமை முழுதும் அந்த அச்சத்தில்தான் இருக்கிறது. தண்டனை மகளுக்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

முறையிட்ட மாணவியின் பெயரைக் காவல்துறையும் அரசாணையும் வெளிப்படுத்திவிட்டன. சட்டம் மறைக்கச் சொன்ன பெயர் அது. மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை இதனைக் கடிந்து அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கியது. சாட்சி சொல்ல வந்த பெண்களுள் ஒருவரும் பிறழவில்லை. ஆறாண்டுகள் அவர்கள் உறுதியாக நின்றதற்கு அவர்தம் வீடுகள் துணை நின்றமையும் காரணமாதல் வேண்டும்.

தனியுரிமை என்பது மேனாட்டார் கண்டுபிடித்தது என்று கருதுவார் உளர். 2017 ஆகத்து 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றனர். ஆனால் சமண நூலோர் இதனைப் பொய்யாமை விரதத்தின் உள்ளேயே வைத்துள்ளனர். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தில், இல்லறத்தார் மேற்கொள்ளும் வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. பொய்யுபதேசம் ஒன்று. ஆண் பெண் தனிமையில் நிகழ்ந்ததைப் பிறர்க்கு வெளிப்படுத்துதல் ஒன்று. கூடலேகம் எனப்படும் பொய்யாவணம் எழுதுதல் ஒன்று. அடைக்கலப் பொருளைக் கவர்தல் ஒன்று. முகக்குறிப்பால் அறிந்த மறைபொருளைப் பகர்தல் ஒன்று.

இவற்றுள் இரண்டாவதைப் படிப்பவர், தனிப்பட்ட படத்தைக் குழுவில் இடும் இழிசெயல் அன்றே வகுத்துரைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அது உண்மையான படமாயிற்றே, பொய்யில்லையே என்று வாதிட இடமில்லை. உள்ளதைச் சொன்னாலும் அது வாய்மைக்கு இழுக்கு என்றே நூலோர் கொண்டனர். பிறர் பெயரில் போலிக் கணக்குத் தொடங்குவதும், ஒருவர் முகத்தை இன்னொருவர் உடலோடு பொருத்திப் படம் செய்வதும் கூடலேகத்தின் பாற்படும். அடைக்கலப் பொருளைக் கவர்தலுக்கு உரைகாரர் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பொருளை அடைக்கலம் வைத்தவன் தொகையை மறந்து குறைவாகக் கேட்கிறான். வாங்கி வைத்தவன் ‘அவ்வளவுதான்’ என்று ஒப்புக்கொண்டு அதனை மட்டும் கொடுத்துவிடுகிறான். கேட்டதைக் கொடுத்துவிட்டான், ஆயினும் கவர்ந்தவனே. ஒரு செயலியைத் தரவிறக்கும் பிள்ளை தன் பெயர், இருப்பிடம், தொடர்பு எண்கள், படங்கள் அனைத்தையும் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டதையே மறந்துவிடுகிறான். பெருநிறுவனங்கள் அம்மறதியின் மேல் வாணிகம் செய்கின்றன.

இதற்கு அரசு சட்டம் கண்டது. 2023 ஆகத்து 11ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். பிள்ளைகளின் நடமாட்டத்தைப் பின்தொடர்தலும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடா. மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை செல்லும். ஆத்திரேலியா இன்னும் ஒருபடி சென்று, பதினாறு வயதுக்குக் குறைந்தோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலையே 2025 திசம்பர் 10 முதல் தடுத்துள்ளது.

இந்தியச் சட்டத்தில் ஓர் இடர் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையும் பதினேழு வயது மாணவியும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளனர். பதினேழு வயதினள் கல்லூரிப் பாடத்தை இணையத்தில் தேடவும், தன் இடுக்கணை ஓர் ஆலோசகரிடம் சொல்லவும் தந்தையின் இசைவை நாட வேண்டும் என்றால், தந்தையே அவ்விடுக்கணுக்குக் காரணமான வீட்டில் அவள் நிலை என்ன? இந்தியா 1992 திசம்பரில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, கருத்துரைக்கும் உரிமையையும் தனிமை காக்கும் உரிமையையும் குழந்தைக்கும் தந்துள்ளது. அவ்வுரிமைகள் இணையவெளியிலும் செல்லும் என்று 2021இல் அதன் குழு விரித்துரைத்தது. பிள்ளையின் முதிர்ச்சி வளர வளர உரிமையும் விரிய வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் போக்கு. பன்னிரண்டு வயதில் பெற்றோர் உடனமர்ந்து பார்ப்பது காப்பு. பத்தொன்பது வயதினளின் செய்திகளை அவள் அறியாமல் திறந்து படிப்பது காப்பு அன்று.

திருமலைப் பாறையில் இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியோடு, ஜினாலயத்திற்கு விளக்கெரிக்கப் பொருள் ஈந்த வணிகர் மனைவி ஒருத்தியின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நன்கொடை என்பதால் அப்பெயர் அழியாதிருத்தல் அவளுக்குப் பெருமை. இணையத்தில் எழுதுவதும் கல்லெழுத்தே. ஆனால் பதினைந்து வயதில் சினத்தில் எழுதியதும் விளையாட்டாய் எடுத்த படமும் அதில் ஏறிவிடுகின்றன. மறக்கப்படும் உரிமை என்று ஒன்று கேட்கப்படுவது இதனால்தான். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்புகளில் தம் பெயரை மறைக்க வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021இல் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. நீதிமன்றங்களே முடிவு காணாத வினாவைப் பிள்ளைகள் நாள்தோறும் தம் விரல்நுனியில் சுமக்கின்றனர்.

இறுதியாகப் பெற்றோர்க்குச் சில நடைமுறைச் செய்திகள். படத்தைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான் என்று மகளோ மகனோ வந்து சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ‘ஏன் அனுப்பினாய்’ என்பதன்று. வந்த செய்திகளை அழித்துவிடலாகாது, அவையே சான்று. அவன் கேட்கும் பணத்தைக் கொடுத்தலும் கூடாது. ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பான். 1930 என்னும் எண் இணையக் குற்றங்களுக்கு உரியது; பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1098 உண்டு. நடுவண் அரசின் இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களை முறையிடுவோர் தம் பெயரைத் தெரிவிக்காமலே பதிவு செய்ய வழி உள்ளது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரை வெளியிடுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். அது செய்தியாளர்க்கும் காவலர்க்கும் பொருந்துவது போலவே, ஊர்க்குழுவில் அப்பெயரை முன்னனுப்பும் உறவினர்க்கும் பொருந்தும்.